வளர்ற கம்ப்யூட்டருக்கு ரெண்டு சைஸ் பெரிய மெமரி

உங்க வூட்டுப் புள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்கப் போறீங்க. இருக்கற அளவுக்கு எடுப்பீங்களா, இல்ல வளர்ற புள்ளையாச்சேன்னு ரெண்டு சைஸ் கூட்டி எடுப்பீங்களா?

உண்மையைச் சொல்லுங்க. யாரும் பார்க்கல.

நான் ரெண்டாவது கட்சி. என் பொண்ணு தர்ஷினி இப்போ ரெண்டாங்கிளாஸ். அவ பாவாடை ஓரத்துல நான் மடிச்சுத் தச்சிருக்கற துணியைப் பிரிச்சு விட்டா அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஓடும். சட்டையோட தோள்பட்டை முழங்கைகிட்ட நிக்கும். இடுப்புல ரெண்டு ஊக்கு. பள்ளிக்கூடத்துல ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒரு கையைத்தான் தூக்குவா. இன்னொரு கை பாவாடையைப் புடிச்சுகினு இருக்கும்.

இந்தப் புத்தியை வெச்சுக்கிட்டு போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கக் கிளம்பினேன்.

வேலை ஒண்ணும் பெருசு இல்ல. நெம்மேலில ஷேர் ஆட்டோ ஏறணும். திருப்போரூர்ல இறங்கணும். அன்சாரி பாய் கடையில ஒரு மெமரி வாங்கணும். வந்து மாட்டணும். அவ்ளோதான்.

எதுக்கு இந்த அவசரம்னு சொல்லிடறேன்.

என் தங்கச்சி கவிதாவுக்கு அந்த ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. எங்க வூட்லதான். அவ வூட்டுக்காரர் சரவணன் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கறாரு. வளைகாப்புக்கு வர முடியாது. "பரவால்லக்கா, அவருக்கு வேலைதானே முக்கியம்"னு கவி போன்ல சிரிச்சுகினேதான் சொன்னா. போனை வெச்சதும் அழுதிருப்பா. எனக்குத் தெரியாதா? அவளை இடுப்புல தூக்கிகினு திரிஞ்சவ நான்.

அதனால நானும் சரவணனும் ஒரு திருட்டு வேலை பண்ணோம். கப்பல் கரைப்பக்கம் வந்து சிக்னல் கிடைக்கறப்பல்லாம் அவர் கவிக்காகப் பேசி எனக்கு வீடியோ அனுப்புவாரு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். மொத்தம் முப்பத்தியொண்ணு. அதையெல்லாம் அவங்க கல்யாண போட்டோவோட கோத்து ஒரே படமாக்கி, வளைகாப்பு அன்னிக்கு டிவில போட்டு அவளை அசத்திடணும். இதான் திட்டம்.

என் போன்ல இடம் பத்தல. அதனால எல்லா வீடியோவையும் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு போன்ல அழிச்சிட்டேன். கப்பல் இப்போ நடுக்கடல்ல. இன்னொரு தபா அனுப்புங்கன்னு கேக்கக்கூட சிக்னல் கிடையாது.

எங்க கம்ப்யூட்டர் பழசு. பொத்தேரில படிப்பை முடிச்சிட்டு ஹாஸ்டலைக் காலி பண்ணின ஒரு காலேஜ் பையன்கிட்ட வாங்கினது. முப்பத்தியொரு வீடியோவையும் வரிசையா கோத்துட்டு சேவ் பட்டனை அழுத்தினா பாதி வரைக்கும் போகும். அப்புறம், மெமரி போதவில்லைன்னு ஒரு கட்டம் வந்து நிக்கும்.

மூணு தபா செஞ்சேன். மூணு தபாவும் ஒரே இடம். சரவணன், "கவி, உனக்கு ஒண்ணு சொல்லணும்"னு சொல்லிட்டு வாயைத் திறப்பாரு. அப்படியே நின்னுடுவாரு. திறந்த வாயோட.

கவி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு செங்கல்பட்டுல இருந்து வந்து இறங்கிடுவா. கம்ப்யூட்டர் இருக்கறது நடு வூட்ல. அவ வந்து படுக்கறதும் அதே இடத்துலதான். ஆறு மணிக்குள்ள முடிச்சாத்தான் ரகசியம். இல்லன்னா அவ கண்ணு முன்னாடியே அவ புருஷன் வாயைத் திறந்துகினு நிப்பாரு.

பாய் கடைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னெண்டரை.

பாய் இல்ல. அவர் சம்சாரம் பர்வீன் அக்கா உக்காந்துகினு இருந்தாங்க. அவங்க ஜெராக்ஸும் லேமினேஷனும் பாக்கறவங்க.

"ஜும்மாவுக்குப் போயிருக்காரும்மா. தொழுதுட்டு, வூட்ல சாப்ட்டுட்டுத்தான் வருவாரு. இன்னா வோணும்?"

"கம்ப்யூட்டருக்கு மெமரிக்கா."

"எது வோணும்? நாலு கீது, எட்டு கீது, பதினாறு கீது."

துணிக்கடையில இருவத்திரெண்டு, இருவத்திநாலு, இருவத்தாறுன்னு எடுத்துப் போடுவாங்களே, அதே தோரணை. எனக்கு ரொம்பப் பழக்கமான இடத்துக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

"இப்ப உன்னுதுல எவ்ளோ கீது?"ன்னாங்க.

"நாலு ஜிபிக்கா. பத்தல."

"அப்ப எட்டு எடு."

"எட்டு எவ்ளோ நாளைக்கு வரும்?"

அக்கா கன்னத்துல கை வெச்சு யோசிச்சாங்க. "நம்ம வூட்டுக்காரரு பொலம்பிகினே இருப்பாரும்மா. வருஷா வருஷம் ஜாஸ்தியாயிகினே போவுதாம். மொதல்ல ஒண்ணு போதும்னாங்களாம். அப்பறம் ரெண்டு. அப்பறம் நாலு. இப்ப எட்டே பத்தலன்றாங்களாம். இன்னும் கொஞ்ச வருஷம் போனா அம்பது அறுவதுன்னு வூட்டுக்கு வூடு கேப்பாங்கன்றாரு."

"அப்ப எட்டு எடுத்தா அடுத்த வருஷமே முட்டிக்கு மேல ஏறிக்கும்!"

"அத்தான் சொல்றேன். என் சின்னவனுக்கு ஒரு தபா அளவா பேண்ட் எடுத்துட்டேன். ரம்ஜானுக்கு எடுத்தது, பக்ரீத்துக்கு கணுக்கால் தெரியுது!"

"ஐயையோ."

"அன்னியிலிருந்து பெருசாத்தான் எடுக்கறது. மடிச்சு விட்டுக்கலாம்."

"நானும் அப்படித்தான்க்கா. மடிச்சு விட்டுக்கலாம், வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்."

ரெண்டு அம்மாங்க சேர்ந்து நாட்டுக்கே வழி காட்டற மாதிரி தலையாட்டிக்கிட்டோம்.

"அப்ப இருக்கறதுலயே பெருசு, இருக்கறதுலயே புதுசு, அதைக் குடுங்க"ன்னேன்.

எடுத்துக் குடுத்தாங்க. பதினாறு. பளபளன்னு அட்டைப் பொட்டில இருந்துச்சு. பாயை போன்ல ஒரு வார்த்தை கேக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தொழுகையில இருக்கறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நல்ல மனசோட விட்டுட்டேன்.

அந்த நல்ல மனசுதான் என்னைக் குழியில தள்ளுச்சு.

வூட்டுக்கு வந்தா என் வூட்டுக்காரர் வேலு வாசல்ல படகு என்ஜினைப் பிரிச்சுப் போட்டுகினு உக்காந்திருந்தாரு. அவர் கடலுக்குப் போறவரு. கரையில இருக்கற நேரமெல்லாம் எதையாவது பிரிச்சுப் போட்டுகினுதான் இருப்பாரு.

"இன்னாடி மகேசு, வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன். இருக்கறதுலயே பெருசு!"

"அப்டிப் போடு. என்ஜின்னா பத்துக்கு பதினஞ்சு குதிரை போட்டாத்தான் அலையை ஏறும்."

குடும்பமே ஒரே கொள்கை.

கம்ப்யூட்டர் பொட்டியை வாசலுக்குக் கொண்டாந்து வெச்சோம். எங்க வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல நாலு தென்னை மரம்தான். அதனால ஸ்க்ரூ எல்லாம் துருவேறி திரும்ப மாட்டேன்னுச்சு. மண்ணெண்ணெய் விட்டு, குறடு போட்டுத் திருகி, பக்கத்துத் தகட்டைக் கழட்டிட்டோம்.

உள்ள பார்த்தா மெமரின்றது பேன் சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பட்டை. கீழ் ஓரத்துல தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கு. பல்லுக்கு நடுவுல ஒரு சின்ன வெட்டு. அது சொருகற பள்ளத்துல ஒரு சின்ன மேடு. அந்த வெட்டு இந்த மேட்டு மேல உக்காரணும். பழைய பட்டை ஒரு பள்ளத்துல இருந்துச்சு. பக்கத்துல இன்னொரு பள்ளம் காலி.

"பார்த்தீங்களா? மாடிக்குக் கம்பி விட்டு வெப்பாங்களே, அது மாதிரி எடம் விட்டு வெச்சிருக்கான்"னேன்.

புதுசை எடுத்து காலிப் பள்ளத்துல வெச்சேன். உக்காரல. திருப்பி வெச்சேன். உக்காரல. வெட்டு ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம்.

அழுத்தினேன். நிஜமாவே, இட்லி மாவு டப்பா மூடியை அழுத்தற மாதிரி உள்ளங்கையை வெச்சு அழுத்தினேன். மாட்டேன்னுச்சு.

அவர் எட்டிப் பார்த்தாரு. "இவ்ளோதானே? கொஞ்சம் அரம் போட்டு ராவினா உள்ள போயிடும்."

நீங்க நெனைக்கறீங்க, மகேசு தடுத்திருப்பான்னு.

"பார்த்து, கொஞ்சமா ராவுங்க"ன்னேன்.

ஒரே ஒரு இழுப்பு இழுத்தாரு. தங்கக் கலர்ப் பல்லுல ரெண்டு பொடியா உதிர்ந்துச்சு. அப்பதான் எனக்கு எங்கேயோ மணியடிச்சது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"பழசோட வெச்சு அளவு பார்ப்போம்"னு அவர் பழைய பட்டையைக் கழட்டினாரு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தோம். வெட்டு வேற வேற இடம். வேற சாதி சீப்பு. சரி, இது ஆகாது, பழசையே மாட்டிடலாம்னு முடிவு பண்ணோம்.

இதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்போம்.

எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எங்க ஊரு உப்புக்காத்து இரும்பைத் தின்னுடும். அதனால கழட்டின எதையும் கிரீஸ் தடவாம திரும்ப மாட்ட மாட்டாரு. என்ஜின் போல்ட்டுக்கு கிரீஸ். சைக்கிள் செயினுக்கு கிரீஸ். கேட்டு கொக்கிக்கு, கதவுத் தாழ்ப்பாளுக்கு, தர்ஷினியோட ஜாமென்ட்ரி பாக்ஸ் மூடிக்கு, எல்லாத்துக்கும் கிரீஸ். எங்க வூட்ல கிரீஸ் தடவாதது நானும் தர்ஷினியும்தான்.

"இந்தப் பட்டையோட பல்லு கறுத்துப் போயிருக்கு பாரு. உப்புக்காத்து. லேசா தடவி விட்டா வழுக்கிகினு போயி உக்காந்துக்கும்."

இப்பவாவது தடுத்தியான்னு கேப்பீங்க. கிரீஸ் டப்பா மூடியைத் திறந்து குடுத்ததே நான்தான்.

வழுக்கிகினுதான் போச்சு. அழகா உக்காந்துச்சு. கிரீஸைப் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது. சுவிட்சைப் போட்டேன்.

பீப். பீப். பீப்.

திரை கறுப்பு. ஒண்ணும் இல்ல. பீப் மட்டும் விடாம அடிக்குது.

"இன்னா, ரிவர்ஸ் எடுக்குதா?"ன்னாரு அவரு.

எனக்குச் சிரிப்பு வரல. காலைல கம்ப்யூட்டர் மெதுவாவாவது ஓடுச்சு. இப்போ செத்தே போச்சு. உள்ள முப்பத்தியொரு வீடியோ. ஒரு மனுஷன் ஆறு மாசமா ஒவ்வொரு துறைமுகத்துலயும் சிக்னல் தேடி நின்னு பேசினது. அவ்வளவும் போச்சா? கவி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

மணி மூணரை. தர்ஷினி ஒரு கையில பையும் இன்னொரு கையில பாவாடையுமா ஸ்கூல்ல இருந்து வந்து நின்னா. வெளிய தூறல் வேற.

"பொட்டியோட தூக்கிட்டுப் போறேன். நீங்க வூட்ல இருங்க, கவி சீக்கிரம் வந்துட்டா சமாளிங்க"ன்னேன்.

"இன்னா சொல்லி சமாளிக்கறது?"

"எதையாவது பிரிச்சுப் போட்டுகினு இருங்க. சந்தேகம் வராது."

மழை படாம எப்படிக் கொண்டு போறது? எங்க வூட்ல தண்ணி புகாத பொட்டின்னா அது ஒண்ணுதான். மீன் போடற வெள்ளை தெர்மோகோல் ஐஸ் பொட்டி. கழுவித் தொடச்சு, கம்ப்யூட்டரைத் துண்டுல சுத்தி உள்ள எறக்கி, மூடி போட்டு, கயிறு கட்டி, தர்ஷினியையும் இழுத்துக்கிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

எதிர்ல மீன் வித்துட்டுத் திரும்பற ஒரு அம்மா, காலிக் கூடையோட. என் பொட்டியைப் பார்த்ததும் கண்ணு விரிஞ்சது.

"இன்னா மீனும்மா, இந்நேரத்துக்கு எடுத்துகினு போற?"

"மீன் இல்லம்மா. கம்ப்யூட்டர்."

"சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடு. நான் இன்னா உன் வாடிக்கையைப் புடுங்கிக்கப் போறனா?"

"நெசமா கம்ப்யூட்டர்மா."

அவங்க முறைச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மனசு கேக்கல போல. "ஐஸாவது போட்டியா?"

"போடலம்மா."

"கெட்டுப்பூடும்."

"கெட்டுப் போச்சு. அதான் எடுத்துகினு போறேன்."

ஆட்டோவே திரும்பி என்னைப் பார்த்துச்சு. கெட்டுப்போன மீனை விக்கப் போற பாவின்னு முடிவு பண்ணிட்டாங்க.

தர்ஷினி என் காதுகிட்ட வந்தா. "அம்மா, டெய்லர் கடைக்குப் போறப்ப அளவு ஜாக்கெட் எடுத்துட்டுத்தானே போவ? மெமரிக்கும் பழசைக் கழட்டி எடுத்துட்டுப் போயி அளவு காட்டியிருக்கலாம்ல?"

ரெண்டாங்கிளாஸ்!

"பேசாம பாவாடையைப் புடி"ன்னேன்.

பாய் கடையில இருந்தாரு. பொட்டியை மேசை மேல வெச்சு மூடியைத் திறந்தேன். ரெண்டடி பின்னாடி போயிட்டாரு.

"தங்கச்சி, இது கம்ப்யூட்டர் கடைம்மா."

"உள்ள கம்ப்யூட்டர்தான் அண்ணே."

துண்டைப் பிரிச்சாரு. தகட்டைக் கழட்டினாரு. பழைய பட்டையை உருவினாரு. விரலைப் பார்த்தாரு. மோந்து பார்த்தாரு.

"யாரும்மா இதுக்கு கிரீஸ் போட்டது?"

"உப்புக்காத்து அண்ணே. துரு புடிக்கும்ல..."

பாய் விரலைத் துணியில தொடச்சாரு. என் புதுப் பட்டையை வாங்கி வெளிச்சத்துல திருப்பினாரு. "இதை யாரு கடிச்சது?"

"கடிக்கல அண்ணே. ராவினோம்."

"ராவினீங்க."

"ஒரே ஒரு இழுப்புதான்."

அவர் மெதுவா திரும்பி பர்வீன் அக்காவைப் பார்த்தாரு. "நீ இதை இன்னான்னு நெனச்சுக் குடுத்த?"

அக்கா அசரல. "வளர்ற கம்ப்யூட்டருக்குக் கேட்டாங்க. பெருசாக் குடுத்தேன். நீங்கதானே தெனம் சொல்றீங்க, வருஷா வருஷம் ஜாஸ்தியாவுதுன்னு?"

"ஜாஸ்தியாவறது புது மெஷினுக்குடி! இது பழைய போர்டு. இது உக்கார்ற பள்ளமே வேற!"

"அப்ப இந்தக் கம்ப்யூட்டர் வளராதா அண்ணே?"ன்னு கேட்டேன்.

"கம்ப்யூட்டர் எங்கம்மா வளரும்? அது பொறந்தப்ப எவ்ளோவோ கடைசி வரைக்கும் அவ்ளோதான். அதுல ஓட்டற படம், ப்ரோக்ராம், அதுங்கதான் வளருது. நான் கடை போட்ட புதுசுல எரநூத்தம்பத்தாறு எம்பி மெமரி போட்டுக் குடுத்தா தெருவே வந்து பார்க்கும். இப்ப உன் கையில கீற போன்ல அது மாதிரி இருவது மடங்கு கீது. உன் பொண்ணு காலேஜ் போறப்ப இந்தப் பதினாறைப் பார்த்து, 'இதுல எப்டிம்மா குடித்தனம் பண்ணீங்க'ன்னு கேப்பா."

"அப்ப ஒண்ணும் மோசம் இல்ல. இதை பீரோவுல பத்திரமா மடிச்சு வெச்சுக்கறேன். இதுக்கேத்த கம்ப்யூட்டர் வாங்கறப்போ போட்டுக்கலாம்."

"வெச்சுக்கோ. பல்லு போனதை வுடு, நீ வாங்கறதுக்குள்ள இது சின்னதாயிடும்."

"போடாம, துவைக்காம வெச்சிருந்தா கூடவா?"

"பீரோவுல வெச்சாலே சின்னதாவும்."

பர்வீன் அக்கா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க. "யா அல்லா, இப்டி ஒரு துணியா!"

எனக்கு அதெல்லாம் அப்புறம். மென்னு முழுங்கிக் கேட்டுட்டேன். "அண்ணே, உள்ள இருந்த வீடியோ எல்லாம் போயிடுச்சா?"

என் குரல்ல இருந்து பாய் புரிஞ்சுக்கிட்டாரு. சிரிப்பை நிறுத்திட்டாரு.

"எங்கயும் போவல. இங்க பாரும்மா. மீன் சேத்து வெக்கறது ஐஸ் பொட்டியில. வெட்டறது பலகை மேல. உன் வீடியோ எல்லாம் பொட்டியில பத்திரமா கீது, அது தனி. இந்த மெமரின்றது பலகை. பலகை சின்னதா இருந்தா ஒரே நேரத்துல நெறைய மீன் பரப்ப முடியாது, கீழ வுழுந்துடும். நீ பலகைக்குத்தான் கிரீஸ் தடவியிருக்க. மீன் பத்திரம்."

எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

பாய் ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு கிரீஸைத் தொடச்சாரு. அப்புறம், "பல்லு கறுத்துப் போச்சு. பென்சில் ரப்பர் இருந்தா போட்டுத் தேய்க்கலாம். என்னுது எங்கியோ விழுந்துடுச்சு. பாப்பா, ரப்பர் வெச்சிருக்கியா?"ன்னாரு.

தர்ஷினி பையைக் கட்டிப் புடிச்சுகினா. உள்ள ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர், முந்தாநாள் வாங்கினது. அவ இன்னும் ஒரு எழுத்தைக்கூட அழிக்கல. மோந்து பார்க்கறதுக்கே வெச்சிருக்கா.

"சித்திக்காக தர்ஷு"ன்னேன்.

ரொம்ப நேரம் யோசிச்சா. கடைசியில எடுத்துக் குடுத்தா. "ஒரு ஓரத்துல மட்டும் தேய்ங்க."

பாய் ஒரு ஓரத்துல மட்டும்தான் தேய்ச்சாரு. பல்லு பளிச்சுன்னு ஆயிடுச்சு. மண்ணெண்ணெய், மீன், ஸ்பிரிட்டு, அதுக்கு மேல ஸ்ட்ராபெர்ரி. கம்ப்யூட்டர் ஒரு மாதிரி ஜூஸ் கடை வாசனை அடிச்சது.

அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்து, கழட்டிப் போட்ட பழைய மெஷின் பட்டைங்களுக்குள்ள துழாவி, நம்முது மாதிரியே வெட்டு இருக்கற ஒண்ணை எடுத்தாரு. நாலு. காலிப் பள்ளத்துல வெச்சு ரெண்டு கட்டை விரலாலும் லேசா அழுத்தினாரு. டக்.

"நாலும் நாலும் எட்டு. உன் முப்பத்தியொரு மீனுக்கு இந்தப் பலகை போதும்."

"அடுத்த வருஷத்துக்கு?"

"அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசினா மறுபடியும் அரம் எடுப்ப. இன்னிக்கு வேலையைப் பாரும்மா."

சுவிட்சைப் போட்டாரு. ஒரே ஒரு பீப். திரையில வெளிச்சம். பர்வீன் அக்கா கையைத் தட்டினாங்க.

அங்கேயே உக்காந்து சேவ் பட்டனை அழுத்தினேன். மணி அஞ்சு. பச்சைக் கோடு ஊர்ந்து போவுது. கால்வாசி. பாதி. சரவணன் திரையில வந்து, "கவி, உனக்கு ஒண்ணு சொல்லணும்"ன்னாரு. வாயைத் திறந்தாரு.

நாலு பேரும் மூச்சைப் புடிச்சுகினோம்.

சொல்லிட்டாரு! நின்னுடாம முழுசா சொல்லி முடிச்சுட்டாரு! நான் பர்வீன் அக்காவைக் கட்டிப் புடிச்சேன். தர்ஷினி ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சா. பாவாடை இறங்கிடுச்சு.

பென் டிரைவுல காப்பி எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, கம்ப்யூட்டரைத் திரும்ப ஐஸ் பொட்டியில போட்டுக் கயிறு கட்டி, நெம்மேலில வந்து இறங்கும்போது மணி ஆறாக அஞ்சு நிமிஷம். ஜெயிச்சுட்டோம்னு தெருவுல ஓடி வரேன்.

வாசப்படியில கவி உக்காந்திருக்கா. ஏழு மாச வயித்தோட. பஸ் சீக்கிரமே வந்துடுச்சாம். பக்கத்துல என் வூட்டுக்காரர் கதவுத் தாழ்ப்பாளைப் பிரிச்சுப் போட்டுகினு உக்காந்திருக்காரு. சொன்னதைச் செய்யறவரு.

கவி ஐஸ் பொட்டியைப் பார்த்தா. அவ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"அக்கா! எனக்காக மீன் வாங்கிட்டு வந்தியா? நானே கேக்கணும்னு இருந்தேன். மூணு நாளா மீன் கொழம்பு நெனப்பாவே கீதுக்கா. இன்னா மீனு? காட்டு காட்டு!"

கயித்து முடிச்சுல கை வெச்சுட்டா. நான் பொட்டியைக் கீழ வெச்சு, டக்குனு அது மேலேயே உக்காந்துட்டேன்.

"இன்னாக்கா, மேலயே உக்கார்ற?"

"கால் வலிக்குதுடி."

"மீனு நசுங்கிடும்!"

"இது நசுங்காத மீனு."

தர்ஷினி வாயைப் பொத்திகினு நின்னா. தோள் குலுங்குது. நான் என் வூட்டுக்காரரைப் பார்த்து கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தாழ்ப்பாளை அப்படியே போட்டுட்டு கரைக்கு ஓடினாரு. வலை இழுக்கறவங்ககிட்ட எதையோ சொல்லி அரைக் கூடை சங்கரா வாங்கிட்டு வர்ற வரைக்கும் நான் பொட்டி மேல இருந்து எழுந்திருக்கல. கவி எதிர்ல உக்காந்து, மசாலா எப்படி அரைக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்தா. நான் கம்ப்யூட்டர் மேல உக்காந்துகினு தலையாட்டினேன்.

ஞாயித்துக்கிழமை வளையல் போட்டு முடிச்சு, ரெண்டு கையும் குலுங்கக் குலுங்க அவ உக்காந்திருக்கறப்போ டிவியைப் போட்டேன்.

முதல்ல கல்யாண போட்டோ. அப்புறம் சரவணன் ஒவ்வொண்ணா பேசிகினு வந்தாரு. பாதிப் படத்துல அந்த இடம். கப்பல் மேல்தளம், பின்னாடி கடலு. "கவி, உனக்கு ஒண்ணு சொல்லணும். நான் இங்க சமைக்கக் கத்துக்கிட்டேன். ரசம் வெப்பேன். மீன் வறுப்பேன். நான் வந்ததுக்கப்புறம் ஒரு மாசம் நீ அடுப்பாண்ட வரவே கூடாது. கொழந்தையை மட்டும் வெச்சுகினு உக்காந்திரு."

கவி சிரிச்சா. சிரிச்சுகினே அழுதா. வளையல் கையால மூஞ்சியை மூடிக்கிட்டா, வளையல் சத்தத்துல அடுத்த வீடியோ கேக்கல. மறுபடியும் முதல்ல இருந்து போடச் சொன்னா. போட்டோம். மூணு தபா பார்த்தோம். சரவணன் ஒரு தபாகூட திறந்த வாயோட நிக்கல.

சாப்பாடெல்லாம் முடிஞ்சப்புறம், "எப்டிக்கா பண்ண?"ன்னு கேட்டா. நான் யூனிஃபார்ம்ல இருந்து ஐஸ் பொட்டி வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். பீரோவுல இருந்த பதினாறையும் எடுத்துக் காட்டினேன். அரம் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரிச்சு சிரிச்சு வயித்தைப் புடிச்சுகினா.

எனக்கும் தெம்பு வந்துடுச்சு. "சரி வுடு. பொறக்கறதுக்கு முன்னாடி துணி எடுக்கக் கூடாதுன்னுதான் நான் சும்மா இருக்கேன். பொறக்கட்டும், உன் புள்ளைக்கு மொத சட்டை நான்தான் எடுப்பேன். மூணு வயசு வரைக்கும் வர்ற மாதிரி, நல்லா தாராளமா..."

கவி சிரிப்பை நிறுத்திட்டா. குலுங்கற ரெண்டு கையாலயும் என் கையைக் கெட்டியா புடிச்சுக்கிட்டா.

"அக்கா, உனக்குப் புண்ணியமா போவும். நீ போவாத. தர்ஷினியை அனுப்பு."